மாமாவுக்குப் புரிஞ்சிருச்சு

காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டதை மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள், குறிப்பாகக் கூட்டங்களின் முன்வரிசையில், தாராளமாக இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் உங்களுக்கு இப்போது அறிமுகம் செய்துவைக்கப் போவது வேறோர் இனம்: பாதி கேட்டவுடனேயே முழுவதும் புரிந்துவிடுகிற இனம்.

பார்த்திருப்பீர்கள். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விஷயத்தைத் தொடங்குவீர்கள். நாலு வார்த்தை வந்திருக்கும், ஐந்தாவது நாக்கு நுனியில் நிற்கும், அதற்குள் எதிரில் இருப்பவரின் தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கி, கை உயர்ந்து, உள்ளங்கை உங்கள் முகத்துக்கு நேரே விரிந்து, அவர் வாயிலிருந்து அந்தத் திருவாசகம் வந்துவிடும்: "புரிஞ்சிருச்சு, புரிஞ்சிருச்சு." அவ்வளவுதான். மீதியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம், அவர் கேட்பவராக இருந்தால்.

இவர் வழி கேட்டால் "நேராப் போயி" என்பதுடன் கிளம்பிவிடுவார். கோம்பைக்குப் போகவேண்டியவர் கூடலூர் தாண்டி, மலையேறி, குமுளியில் இறங்கி, "ரோட்ட மாத்திட்டாய்ங்க" என்று அரசாங்கத்தைத் திட்டுவார். மருந்துக்கடைக்காரர் "இது சாப்பாட்டுக்கு" என்று வாயெடுத்ததும் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு நடந்துவிடுவார். முன்னா, பின்னா என்பது மாத்திரையின் பாடு. கைப்பேசியில் வரும் காணொளிகளில் தலைப்பை மட்டும் பார்ப்பார். பார்த்த கையோடு உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, கீழே "அவசியம் கடைசி வரை பார்க்கவும்" என்று எழுதுவார்.

இந்த இனத்தை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாளாக இருக்கப் பொறுமை வேண்டும். இவருக்கு அது கிடையாது.

கம்பத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் சுருளியாண்டி. வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்லவேளை, வாழைக்காய். மின்கம்பத்தில் ஏறும் வேலைக்குப் போயிருந்தால் இந்த இனம் எங்கள் பள்ளத்தாக்கில் என்றைக்கோ அழிந்திருக்கும். மனிதர் தங்கம். ஊரில் யாருக்கு நோய் என்றாலும் முதலில் ஓடுகிறவர், ஓடும்போதே மருந்தும் சொல்லிக்கொண்டு ஓடுகிறவர். தன் தங்கை முனீஸ்வரி என்றால் உயிர். அந்த உயிருக்குத்தான் ஆபத்து வந்தது; எங்கேயிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முனீஸ்வரியின் மகள் மாரீஸ்வரி மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். கோம்பையில் ஒரு காதுகுத்து விழாவில், பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நாலு பேர் காதில் விழட்டும் என்று மாமா கேட்டார்:

"ஏத்தா, அங்கன மதுரையில அப்படி என்னதான் படிக்கிற? எனக்கு ஒரு நாளாச்சும் வெளக்கிச் சொன்னியா?"

மாரீஸ்வரி பாவம், நம்பிவிட்டாள். "நம்ம ரத்தத்துக்குச் சிவப்பு நெறம் குடுக்குற பொருளுக்கு ஹீம்னு பேரு மாமா. உடம்பு அதப் படிப்படியாத்தான் செய்யும். ஒவ்வொரு படிக்கும் வேலை பாக்க ஒரு நொதி இருக்கு. ரெண்டாவது படியில இருக்க நொதியத்தான் நான் பாக்குறேன். ஒரு பாக்டீரியாவோட ஜீன எடுத்து இன்னொரு பாக்டீரியாவுக்குள்ள வச்சு, அந்த நொதிய நெறையாச் செய்ய வைக்கிறோம். எதுக்குன்னா மாமா, நம்ம உடம்புல இருக்க அதே நொதி—"

"புரிஞ்சிருச்சு!" என்றார் மாமா. உள்ளங்கை விரிந்துவிட்டது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அன்று சாயங்காலத்துக்குள் கோம்பை, உத்தமபாளையம், கம்பம் மூன்று ஊருக்கும் செய்தி போய்விட்டது. "நம்ம மருமக மதுரையில ரத்தம் காய்ச்சுது. கிருமிகள வேலைக்கு வச்சுருக்காக." அந்தக் கிருமி நம் எல்லோருடைய குடலிலும் குடியிருக்கிற வகை என்று அவள் சொல்லியிருந்தால் மாமா இவ்வளவு பெருமைப்பட்டிருப்பாரா தெரியாது. சொல்லும் இடம் வருவதற்குள்தான் அவருக்குப் புரிந்துவிட்டதே. மறுநாள் மண்டிக்கு வந்த ஒருவர், தன் சம்பந்திக்கு ஓ பாசிட்டிவில் இரண்டு பாட்டில் கிடைக்குமா என்று விசாரித்தார். "சொல்லி வைக்கிறேன்" என்றார் மாமா.

இந்தப் பெருமை நடந்துகொண்டிருக்கும்போதுதான் முனீஸ்வரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. எடுத்துவிட்டால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர் அம்மா. ஆனால் உதிரப்போக்கில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. போக்கை நிறுத்த ஒரு மாத்திரையும், ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்து, அளவு பத்தைத் தொட்டதும் அறுவைசிகிச்சை என்று அனுப்பினார். கூட வந்த மாமாவிடம் செவிலியர் சொன்னார்: "மாத்திரையோட கீரை, பீட்ரூட் எல்லாம் குடுங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தா சத்து நல்லா ஒட்டும். அப்புறம் சமைக்கிறப்ப, அலுமினியப் பாத்திரத்த விட்டுட்டு—"

"புரிஞ்சிருச்சு தாயி."

நேராக உத்தமபாளையத்தில் தௌபீக்கின் பாத்திரக்கடையில் போய் இறங்கினார். அலுமினியத்தை விட்டுவிட வேண்டும் என்றால் பழங்காலப் பாத்திரம்தானே? பழங்காலத்தில் யாருக்காவது ரத்தம் குறைந்ததா? மலையாளத்துக்காரர்கள் லேகியம் கிண்டுவது எதில்? உருளியில். கடை வாசலில் பளபளவென்று வெண்கல நிறத்தில் அகலமாய் ஓர் உருளி உட்கார்ந்திருந்தது. மாமா அதைத் தூக்கிவிட்டார்.

"மாமா, அது ரிசார்ட்டுக்குப் போற சரக்கு. வரவேற்புல பூ மெதக்க விடுவாக. சமைக்கிறதுனா இத—"

"புரிஞ்சிருச்சு மாப்ள, புரிஞ்சிருச்சு. சமைக்கத்தான்."

அதன்பின் தொடங்கியது ரத்த வேள்வி. ரத்த விருத்தி விஷயத்தில் எங்கள் ஊர்க் கொள்கை மிகவும் எளிமையானது: சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம். எங்கள் வயல் பீட்ரூட், மாதுளை, தோட்டத்துப் பன்னீர் திராட்சை, இவற்றோடு கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்த ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். மாமா இவற்றில் எதையும் விட்டுவைக்கவில்லை. பீட்ரூட்டும் தக்காளியும் சுவரொட்டியும் போட்டு, எலுமிச்சை தாராளமாகப் பிழிந்து, உருளியில் காலையில் சூப் வைத்து, மூடிபோட்டு அதிலேயே விட்டு, சாயங்காலம் மறுபடி சுடவைத்து, தானே பக்கத்தில் நின்று தங்கையைக் குடிக்க வைத்தார். வேறு யாரும் அந்தச் சூப்பைத் தொடவில்லை. அதன் வாசனை அப்படி.

மாரீஸ்வரிக்குத் தொலைபேசியும் போனது.

"ஆத்தா, வரும்போது அந்த ரத்தம் செய்யிற நொதி ஒரு சொம்பு கொண்டாந்துரு."

"மாமா, அது ஒரு சொட்டுக்கும் கம்மி. உறைய வச்சு வச்சிருக்கோம்."

"மீன்காரன்ட்ட ஐஸ் பெட்டி வாங்கி அனுப்புறேன்."

"குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது மாமா. அது வெறும் புரதம். வயித்துக்குள்ள போனா முட்டை மாதிரி—"

"முட்டை மாதிரியா? புரிஞ்சிருச்சு."

மறுநாளிலிருந்து சூப்புடன் முட்டையும் சேர்ந்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பொடி வந்தது. முனீஸ்வரியின் வீட்டுக்காரர் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். மைத்துனர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காதவர். மாமாவின் உத்தரவின்பேரில் மலைக்கு மேலே யாரோ ஒரு வைத்தியரிடமிருந்து அவர் வாங்கிவந்தார். மலையாள மருந்துக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாது. ஒரு செடி இந்தப் பக்கம் முளைத்தால் களை. அதுவே குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி முளைத்தால் மூலிகை. அந்தப் பொடி நல்ல செக்கச்செவேல் என்று இருந்தது. பொட்டலத்தின்மேல் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. மாமாவுக்கு மலையாளம் பேசத் தெரியுமே தவிரப் படிக்கத் தெரியாது. ஆகவே பக்தி இரட்டிப்பானது. தேனில் குழைத்து, வேளை தவறாமல் கொடுத்தார்.

ரத்தம் ஏறியதா? ஏறவில்லை.

உதிரப்போக்கு மாத்திரையில் நின்றுவிட்டது. ஆனால் ரத்த அளவு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கவும் செய்தது. முனீஸ்வரி வெளுத்துக்கொண்டே போனாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து இரண்டு தெரு நடக்கிறவள், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்தாள். அறுவைசிகிச்சை தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது.

"மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறீங்களா இல்லையா?" என்று மருத்துவர் அம்மா அதட்டினார். "ரத்தம் ஏத்திகூட ஆபரேஷன் செஞ்சிரலாம். ஆனா போக்கு நின்னும் ஏன் ஏற மாட்டேங்குதுன்னு தெரியாம நான் கத்திய வைக்க மாட்டேன்."

"அண்ணே, வயித்தப் போட்டு முறுக்குது. நாக்குல காசு வச்ச மாதிரி ஒரு ருசி" என்றாள் முனீஸ்வரி வீட்டுக்கு வந்ததும்.

"ரத்தம் ஊறுதுல்ல? அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து சூப்பை இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளை ஆக்கினார். அன்பு இருக்கிறதே, அது இந்த இனத்தின் கையில் அகப்பட்டால் அளவு கூடிக்கொண்டுதான் போகும்.

முடியாமல் போய், முனீஸ்வரியே மகளுக்குத் தொலைபேசினாள். மாரீஸ்வரி மறுவண்டியில் வந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், அவள் சொல்லி நிறுத்தும்வரை கேட்டாள். களைப்பு, வயிற்று முறுக்கு, வெளிக்குப் போகாத கஷ்டம், நாக்கில் காசின் ருசி. கேட்டு முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மருத்துவர் அம்மாவிடம் போய், "ரத்தத்துல ஈயம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். அவர் எழுதிக் கொடுத்தார்.

ஈயம் இருந்தது. வெள்ளீயம் அல்ல, நஞ்சான காரீயம்; இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது.

வீடு கொதித்தது. எல்லார் கண்ணும் பொடிப் பொட்டலத்தின்மேல் விழுந்தது. "நான் அப்பவே நெனச்சேன்!" என்றார் மாமா. எப்போது நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வைத்தியரை உயிரோடு விடக்கூடாது என்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஜீப் ஓட்டுகிற மனிதர், மனைவிக்குத் தன் கையாலேயே விஷம் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று சோறு இறங்காமல் கிடந்தார். மாரீஸ்வரி மட்டும் பொட்டலத்தில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து மதுரைக்கு அனுப்பிவைத்தாள்.

பதில் வந்தது. அந்தப் பொடியில் ஈயம் இல்லை. சொல்லப்போனால் எந்த மருந்துமே இல்லை. மார்கழியில் கோலத்துக்குக் கரை கட்டுவோமே, அந்தக் காவிக்கல் பொடிதான் அது. மலை தாண்டி வந்த மகிமையைத் தவிர அதில் வேறு ஒன்றும் கலந்திருக்கவில்லை.

அப்புறம்தான் மாரீஸ்வரி அடுப்படிக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தாள். அடுப்பின்மேல் உருளி. உள்ளே காலை சூப்பின் மிச்சம். சூப் நின்ற மட்டம்வரை உட்பக்கம் மினுமினுப்புப் போய் மங்கியிருந்தது. அதைக் கழுவிக்கூட வைக்காமல் துணியில் சுற்றிக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் பேருந்து ஏறினாள்.

தௌபீக்குக்குப் பார்த்ததும் வியர்த்துவிட்டது. "இதுலயா சமைச்சீக? அல்லாவே! நான் அன்னைக்கே மாமாகிட்ட வாயெடுத்தேனே. சமைக்கிறதுனா இதத் தொடாதீக, வேற உருளி எடுத்துத் தாரேன்னு சொல்லத்தான் வந்தேன். இது ஓட்டை உடசலும் பழைய பேட்டரி ஈயமும் சேத்து உருக்குனது. பூவும் பச்சத்தண்ணியுந்தான் ஊத்தலாம். புளிப்பு பட்டுச்சுனா ஈயம் பூராம் எறங்கிரும். சொல்ல விட்டாத்தானே!"

அன்று வீட்டில் நடந்ததை அந்த ஜீப்காரரே எனக்குச் சொன்னார். மாரீஸ்வரி மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தாளாம். உருளியை அவர் காலடியில் வைத்தாளாம்.

"மாமா, நான் நிறுத்துற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. நர்ஸம்மா சொல்ல வந்தது, அலுமினியத்த விட்டுட்டு இரும்புச் சட்டியில சமைங்கன்னு. இரும்புச் சட்டி. நம்ம வீட்டு மச்சுல கெடக்கு. தௌபீக் அண்ணன் சொல்ல வந்தது, சமைக்கிறதுனா இத எடுக்காதீகன்னு. கோம்பையில நான் சொல்ல வந்தது என்னன்னு தெரியுமா? நான் செய்யிறேன்ல, ஹீம் செய்யிற நொதி, நம்ம உடம்புல இருக்க அதே நொதி ஈயம் பட்டா வேலைய நிறுத்திரும். எவ்வளவு கீரை தின்னாலும், எவ்வளவு மாத்திரை போட்டாலும் ரத்தம் ஊறாது. சில பாக்டீரியாவோட நொதி மட்டும் ஈயத்துக்கு அவ்வளவு லேசுல மசியாது. அது எப்படித் தாங்குதுன்னு பாக்குறதுதான் மாமா என் படிப்பு. அத அன்னைக்கே கேட்டிருந்தீகன்னா, தௌபீக் அண்ணன்ட்ட 'இதுல ஈயம் இருக்கா'ன்னு நீங்களே கேட்டிருப்பீக."

மாமாவின் தலை ஆடவில்லை. கை உயரவில்லை. மூன்று மாதம் தன் கையால் தங்கைக்கு ஊட்டியது என்ன என்பது அந்தப் பெரிய உடம்பில் மெல்ல இறங்கியது. உள்ளே முனீஸ்வரி இருமுகிற சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத ஒரு வார்த்தை வந்ததாம்.

"அப்புறம்?"

அப்புறம் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. உருளி அடுப்பைவிட்டு இறங்கியது. ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுத்தார்கள். மச்சிலிருந்து இரும்புச் சட்டி இறங்கியது. முனீஸ்வரியின் உடம்பு தடைபட்ட வேலையை மறுபடி தொடங்கியது. ரத்தம் மெதுவாக, யாரும் சூப் வைத்து மிரட்டாமலே, ஏறியது. பத்தையும் தாண்டியது. கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது குடத்தை இடுப்பில் வைத்து அவள் தெருவில் போகிறபோது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

மாமா திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? திருந்தினார். ஒரு வாரம். "உருளி ஆகாது" என்பது அவர் மனதில் பசுமரத்தாணிபோல் பதிந்துவிட்டது. ஆகாதது எந்த உருளி, ஆவது எந்த உருளி என்கிற மீதியை மாரீஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் முதல் வீடுவீடாகப் போய், நல்ல வெண்கலம், பித்தளை, தாத்தன் காலத்துச் செம்பு எல்லாவற்றையும் அடுப்பிலிருந்து இறக்கச் செய்தார். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. தௌபீக் இப்போது மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே ஷட்டரை இறக்கிவிடுகிறான். ஊரில் இன்னொரு பேச்சும் இருக்கிறது: முனீஸ்வரிக்கு ஏறியது மதுரையில் மருமகள் காய்ச்சிய ரத்தம்தான் என்று. அதை யார் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்றை யோசித்துப் பாருங்கள். தௌபீக் கடையில் "சமைக்கிறதுனா இத—" என்று பாதியில் அறுந்த அந்தப் பேச்சை நான் உங்கள் முன்னால்தான் வைத்தேன். மீதி என்ன என்று கேட்டீர்களா? இல்லை. சிவப்புப் பொடி வந்ததும், அதிலும் மலை தாண்டி வந்த பொடி என்றதும், "ஓ, இதுதான் விஷயம்" என்று உங்களுக்கும் புரிந்துவிட்டது. பாவம், அந்தக் காவிக்கல் வைத்தியரை மாமா வேட்டியை மடித்துக் கட்டுவதற்கு முன்பே நீங்கள் மனதில் தூக்கில் போட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கொஞ்ச நாளாக உங்களிடம் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதும் நிறுத்திக்கொள்வதுமாக இருப்பார். மனைவியாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். அவர் ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்று நீங்கள் என்றைக்காவது—

இருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. அதற்குள் என்ன தலையாட்டல்?